தலைகீழ்ப் புனிதர்

"ரெண்டு காலையும் கட்டலையா?" என்று உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியபடியே கேட்டேன்.

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்டா ஒத்தைக் கால்" என்றான் லாப்போ, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டே. "தலைகீழாச் சிலுவையில அறைஞ்சாங்கள்ல, புனித பேதுரு! அவருக்கு உன் முகம். நெரி, நீ குடுத்து வெச்சவன்டா."

பல மாதமாக வேலையில்லாமல் என் வீட்டில் சாப்பிட்ட ஓவியன். அவனுக்கு வேலை கிடைத்ததில் அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

"எந்தக் கோயில்லடா?"

"பிளாரன்ஸ் ஊரே வந்து பாக்கப்போற சுவர். முடியறவரைக்கும் நீ பாக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லாம உன் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிரு."

"நல்லதாப் போச்சு. ஊரை ஆளுற திருட்டுப் பயலுங்க மூஞ்சியைப் பாக்காம இருக்கலாம்."

லாப்போ விழுந்து விழுந்து சிரித்தான்.

அறுவடை முடிந்து திரும்பினேன். நீதிமன்றத்தின் முன்னால் ஒரே கூட்டம். சுவரில் அழுகிய முட்டைக்கோஸை எறிந்துகொண்டிருந்தார்கள். ஓடிப்போன துரோகியைத் தூக்கில் போட முடியாதல்லவா? அவன் ஒற்றைக்காலில் தொங்குவதாக அந்தச் சுவரில் வரைவது எங்கள் ஊர் வழக்கம்.

நானும் வேடிக்கை பார்க்க நிமிர்ந்தேன்.

சுவரில் நான்.

சாரத்தில் நின்றவன் லாப்போ.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"துரோகின்னு ஒருத்தன் இருந்தாத்தானே எனக்கு வேலை? நீ திட்டினதை நீதிமன்றத்துல போய்ச் சொன்னேன். விசாரணைக்கு நீ வரவே இல்லை" என்றான்.

பக்கத்தில் நின்ற காவலன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அச்சு அசலா இருக்கே!" என்று என் கையை இறுக்கிப் பிடித்தான்.

லாப்போ கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். யாராவது பாராட்டினால் அவன் எப்போதும் அப்படித்தான்.