மேற்கு ஓலை

ஒற்றைப் பனை ஒன்றில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவான். அவளுக்குப் பிடித்தால்தான் மீதி. மழைக்காற்று மேற்கிலிருந்து வரும் என்பதால், எல்லாரும் கிழக்குப் பக்க ஓலையில்தான் கட்டுவார்கள்.

அந்த வருஷமும் ஒருவன் பாதிக் கூட்டை முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“பின்னல் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேற்கு ஓலையில கட்டுங்க.”

“மேற்கேயா? ஊரே சிரிக்கும்.”

“போன வருஷம் காத்து கிழக்கேருந்து அடிச்சு, எல்லார் வீட்டு முட்டையும் விழுந்துச்சே. அப்ப யாரும் சிரிக்கலை.”

அவன் நார்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேற்கு ஓலைக்குக் கொண்டுபோனான்.

“என்னப்பா, பக்கம் மாறிட்டே?” என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

“எனக்கென்ன, கிழக்கே சௌகரியம்தான். அவளுக்குச் சூரியன் மறையறதைப் பார்க்கணுமாம்.”

பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான். மறுநாள் அவனும் தன் கூட்டு நார்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். “எங்க வீட்டுலயும் அதே நச்சரிப்பு,” என்றான். அந்த வாரமே பனை முழுக்க மனைவிமார்களுக்கு அஸ்தமன ஆசை வந்துவிட்டது.

மழைக்காற்று கிழக்கிலிருந்துதான் வந்தது. அந்தப் பக்கத்துக் காலி ஓலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மேற்கே கூடுகள் லேசாக ஆடின. உள்ளே முட்டைகள் பத்திரமாக இருந்தன.

தூக்கணாங்கூட்டுக்கு வாசல் எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் தரைதான் தெரியும், சூரியன் தெரியாது. அந்தப் பனையில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.