இரண்டு கோடு

“டாக்டர், இவன் சியாபு போதைப்பொருள் எடுக்கிறான். யூரின் டெஸ்ட் எடுத்து, பேப்பர்ல எழுதி, சாப்பு முத்திரை குத்திக் குடுங்க. அது போதும்.”

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கின் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே லோகேஸ்வரி இதைச் சொல்லி முடித்துவிட்டாள். பின்னால் அவளுடைய மகன் ஜீவன், இருபத்திரண்டு வயது, ஒரு மாதத் தாடியோடும் வெறுங்காலோடும் நின்றுகொண்டிருந்தான்.

டாக்டர் கென்னத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எதை வெச்சு சொல்றீங்க ஆன்டி?”

“போன வாரம் எங்க ஃப்ளாட்டு ஹால்ல போதைப்பொருள் பத்தி டாக் வெச்சாங்க. முன் வரிசையில உக்காந்து எழுதிட்டு வந்தேன்.” ஃபோனை எடுத்து மளமளவென்று வாசித்தாள். “மூளையில டோபமின்னு ஒண்ணு ஊறுமாம். நல்லா சாப்பிட்டா, நாலு பேரு பாராட்டினா, சொட்டுச் சொட்டா. சியாபு உள்ள போச்சுன்னா பைப்ப உடைச்சு விட்ட மாதிரியாம். அப்புறம் பசி இல்ல, தூக்கம் இல்ல, உடம்பு வத்தும், எல்லார் மேலயும் சந்தேகம் வரும். சரிதானே?”

“சரிதான். எங்க பேட்ச்லகூட யாரும் இவ்வளவு நோட்ஸ் எடுத்ததில்ல.”

“இப்ப இவனப் பாருங்க. ஒரு வேளைதான் சாப்பிடறான். அஞ்சு கிலோ குறைஞ்சிட்டான். மெத்தைய விட்டுட்டுத் தரையில படுக்கிறான். காலங்காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு பச்சத் தண்ணியில குளிக்கிறான்.”

“நாலு மணிக்கு நீங்க எப்படிப் பாத்தீங்க?”

“அப்பதானே டாக்டர் நான் வீட்டுக்கு மொப் போடுவேன்!”

ஜீவன் முதல் முறையாக வாயைத் திறந்தான். “டாக்டர், தைப்பூசத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். பத்துமலையில காவடி எடுக்கறேன். இது விரதம் லா.”

“இதத்தான் டாக்டர் நான் நம்பல. போன வருஷம் பூசத்துக்கு வாடான்னு கெஞ்சினேன். கூட்டமா இருக்கும்னு சொல்லிட்டு வீட்டுல படுத்து கேம் விளையாண்டான். இப்ப திடீர்னு எங்கேர்ந்து வந்துச்சு பக்தி? என்ன வேண்டுதல்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்!”

“காவடி இறக்கினதும் சொல்றேன்னு சொன்னேன்லம்மா.”

“பாத்தீங்களா? மறைக்கிறான். ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு மறுவாழ்வு மையத்துல பேசி வெச்சிட்டேன். ஆறு மாசம். இவன் துணிமணிப் பை கார் பின்னால பூட்ல இருக்கு. ரிசல்ட் வந்ததும் நேரா அங்கதான்.”

ஜீவனின் முகம் வெளுத்தது. “ஆறு மாசமா? அம்மா, எனக்கு இது ஃபைனல் செமஸ்டர்!”

“உயிர் இருந்தா செமஸ்டர் வரும்.”

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். “டெஸ்ட்டுக்குச் சம்மதமா தம்பி?”

“சம்மதம். ஆனா அம்மாவும் குடுக்கணும்.”

“குடுக்கறேன்டா! மடியில கனம் இல்ல, வழியில எனக்கென்ன பயம்?”

இருவரும் ஆளுக்கொரு குப்பியை வாங்கிக்கொண்டு போய், நிரப்பி, நர்ஸ் சாந்தமேரியிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிசல்ட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

லோகேஸ்வரியால் பத்து நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. டாக்டரின் மேசையில் இருந்த பேனாக்களை நிறவாரியாக அடுக்கினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள்.

“ஸ்லிம்மிங் கோப்பி டாக்டர். நான் இதுக்கு ஏஜெண்டு, சில்வர் லீடர். மூணே மாசத்துல பதினோரு கிலோ குறைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வயித்தப் பாத்ததும் மனசு கேக்கல.”

டாக்டர் மூன்று முறை மறுத்தார். ஆனால் நேரடி விற்பனை ஏஜெண்டை மறுத்து ஜெயித்தவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதுவரை இல்லை. வெந்நீர் வந்தது. கோப்பி கலந்தது. டாக்டர் கப்பைக் கையில் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.

சாந்தமேரி ஒரு தட்டில் இரண்டு கிட்டுகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது. டாக்டர் கை நீட்டுவதற்குள் லோகேஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

“ரெண்டு கோடு! ஜீவன்னு போட்டிருக்கறதுல ரெண்டு கோடு!” அவள் குரல் உடைந்தது. “கோவிட்ல எத்தன தடவ பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? என்னோடத பாருங்க, ஒரே கோடு. நான் சுத்தம். பெத்த வயிறு எரியுது டாக்டர். எந்திரிடா, பை கார்ல இருக்கு.” ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் கார் சாவியை எடுத்தாள்.

டாக்டர் ஒரு கிட்டைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை பார்த்தார்.

“உக்காருங்க ஆன்டி. இது கோவிட் கிட்டுக்கு நேர் எதிர். ரெண்டு கோடு வந்தா உடம்புல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஒரே கோடு வந்தாத்தான் இருக்கு.”

சாவி தரையில் விழுந்தது.

“நானா? நான் ஒரு பனடோல் மாத்திரகூடப் போட மாட்டேனே டாக்டர்! தினம் மூணு வேள அந்தக் கோப்பியத் தவிர வேற எதையும்…” வாக்கியம் பாதியில் நின்றது.

“தம்பி,” என்றார் டாக்டர் மெதுவாக, “என்ன வேண்டுதல்?”

“அம்மா தூங்கி மூணு மாசம் ஆச்சு டாக்டர். தூங்கணும்னுதான்.”

டாக்டர் தன் கையிலிருந்த கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காலியாக இருந்தது.