நலம் விசாரிக்கும் ராணி

"பத்திரிகைக்காரன் பத்துக்கு மூணு மார்க் போட்டிருக்கான். ஆடுறவங்க அதைவிட மோசம். 'அந்த வேற்றுக்கிரக ராணி தினமும் நலம் விசாரிச்சே உயிரை வாங்குறா'ன்னு காறித் துப்புறாங்க," என்றான் ஹென்னிங்.

அந்த ராணியை உருவாக்கியவள் யில்வா. அவர்களுடைய விண்வெளிப் போர் விளையாட்டின் புதிய பாகம் வெளிவந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் மால்மோ நகரம் முழுக்கச் சந்தி சிரித்துவிட்டது.

"ஒருத்தன் மட்டும் பாராட்டியிருக்கான், பாரு."

வெளியான மறுநாளே ரூனே என்பவர் எழுதியிருந்தார்: 'ராணி தினமும் விசாரிக்கிறாள். நல்ல பழக்கம்.' பெயருக்குப் பக்கத்தில் அவர் ஆடிய நேரம், ஆயிரத்து முந்நூறு மணி. அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"மனுஷன் தூங்கவே மாட்டான் போல! இதையே விளம்பரமா போட்டுடலாம். விலாசம் இருக்கு, பக்கத்துத் தெருதான். போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

யில்வா கேக்கோடு போனாள். மூன்று முறை மணியடித்தும் பதிலில்லை. அவள் கூப்பிட்டதும் கட்டடப் பொறுப்பாளர் வந்து சாவி போட்டார். உள்ளே தபால்கள் குவிந்து கிடந்ததால் கதவு பாதிதான் திறந்தது.

"வாடகை பேங்க்லேருந்து தானா வந்துடுதும்மா. எதுக்குத் தட்டணும்னு விட்டுட்டோம்," என்றார் அவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

நாற்காலியில் ரூனே இருந்தார். இறந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. எதிரே கணினி ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் ராணி ஐம்பத்தாறாவது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அண்டைக் கிரகத்தாரே, நலமா? இன்னும் பதில் காணோமே."