வாயருகே வந்த எலுமிச்சை

வாஷ்பேசின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அன்னக்கிளி கத்தி எடுக்கப் போனாள். பக்கத்து டம்ளரில் நின்ற பல் பிரஷ்ஷுக்கு உதறல் நிற்கவில்லை.

"இன்றைக்கும் ரத்தம்," என்றது பிரஷ். "அவள் புருஷனுக்கு ஈறெல்லாம் புண். காய், பழம் எதையும் தொடமாட்டார். சோறும் அப்பளமும்தான். பழி மட்டும் என் மேல். எனக்கு முன்னால் இருந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாயிற்று."

"பயப்படாதே," என்றது எலுமிச்சை. "அவருக்கு வேண்டிய வைட்டமின் சி என்னிடம் இருக்கிறது. தினமும் எங்களில் ஒன்றைப் பிழிந்து குடித்தால் ஈறு தேறிவிடும்."

அன்னக்கிளி வந்து பழத்தைப் பிளந்தாள். அப்பாடா என்று பிரஷ் மூச்சுவிடுவதற்குள், உள்ளே குங்குமத்தை அப்பினாள்.

"ஊர்க்கண்ணெல்லாம் உங்க மேலதாங்க. கிழக்கே பார்த்து உட்காருங்க."

தணிகாசலம் உட்கார்ந்தார். அவர் முகத்துக்கு நேரே பழத்தைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் அது வாயருகே வந்து வந்து போனது.

"கொஞ்சம் திறங்களேன்," என்று எலுமிச்சை கெஞ்சியது பிரஷ்ஷுக்குக் கேட்டது. அவரோ உதட்டை இறுக மூடி, பயபக்தியோடு இருந்தார்.

பழத்தைத் தெருமுனையில் வீசிவிட்டு அவள் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அன்னம், அந்தப் பிரஷ்ஷையும் தூக்கிப் போட்டுடு."