இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் வரை

“ஒரே ஒரு தப்பை மட்டும் அப்படியே விட்டுடலாம் மேடம்.”

கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன்.

லீவு கேள், அட்வான்ஸ் கேள், சண்டைகூடப் போடு. அடுத்தவர் சம்பளத்தில் தப்பு என்று தெரிந்தும் விட்டுவிடலாமா என்று மட்டும் என்னிடம் வந்து நிற்காதே. வேலையில் சேர்ந்த அன்று மேடம் எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளம் போட்டுக் கொடுப்பது எங்கள் ஆபீசின் தொழில். அதில் சம்பளப் பிரிவுக்குத் தலைமை மேடம். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

இப்போது சம்பளத்தைப் புது சாஃப்ட்வேர் போடுகிறது. நாங்களும் பழையபடி போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எங்கே உதைக்கிறதோ, அதை எழுதி அனுப்பினால் சாஃப்ட்வேர்காரர்கள் திருத்துவார்கள். ஒரு மாதம் முழுக்க ஒத்துப்போய்விட்டால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். யாரும் மறைக்கவில்லை. கூட்டம் போட்டு, டீ கொடுத்தே சொன்னார்கள்.

ஆக, எங்கள் குழியை நாங்களேதான் வெட்டுகிறோம். அதுவும் அளவு பிசகாமல்.

பிரசவ லீவில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போன மாதம் சாஃப்ட்வேர் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. கண்டுபிடித்தது மேடம். திருடனைப் பிடித்ததுபோல ‘மாட்டிக்கிச்சு’ என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷி இவர் என்றும் இருந்தது.

எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். கணக்குப் படித்தால் எந்தக் காலத்திலும் வேலை உண்டு என்று எவனோ சொன்னதை நம்பி, அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைத்தார். இப்போது வேலை விளம்பரங்களில் கணக்குப் போடத் தெரிந்தவரை யாரும் கேட்பதில்லை. கணக்குப் போடும் மெஷினை மேய்க்கத் தெரிந்தவரைத்தான் கேட்கிறார்கள். தம்பி இன்னும் படிக்கிறான். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

மிச்சமிருப்பது ஒரு தப்புதான், கண்ணில் பட்டது எனக்கு மட்டும்தான் என்று மேடத்திடம் சொன்னேன்.

மாதக் கடைசி நாளில் ராத்திரி டியூட்டிக்கு வரும் வாட்ச்மேன், விடிந்த பிறகு வீட்டுக்குப் போகிறார். சாஃப்ட்வேர் அவருடைய ராத்திரியை நடுவில் வெட்டுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு அவர் விழித்திருந்த நேரம் பழைய மாதத்திலும் விழவில்லை, புது மாதத்திலும் விழவில்லை.

காரணம் புரியவில்லை என்று எழுதினால் போதும் என்றேன். அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடட்டும். அதுவரைக்கும் நம் வேலை இருக்கும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கு வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. கணவர் வேலை போய் வீட்டில் இருக்கிறார். நான் சொன்னதன் லாபம் அவருக்குப் புரியாமல் இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் வரிசையைப் பார்த்தார். பாதி நாற்காலிகளில் இப்போதே ஆளில்லை. கூரியர் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

“விட்டுடலாம்மா. அந்த வாட்ச்மேன் வீட்டம்மா போன் பண்ணி, ஏன் கொறஞ்சிருக்குன்னு கேட்டா நீ பேசுறியா, இல்ல உன் டிகிரி பேசுமா?”

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாப்பிடப் போவதற்குள் எழுதி அனுப்பிவிடச் சொன்னார். டியூட்டி தொடங்கிய தேதியிலேயே முழு ராத்திரியையும் சேர்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத வேண்டுமாம். அரைகுறையாக எழுதினால் அரைகுறையாகத்தான் திருத்துவார்களாம்.

என் கோபம் எங்கேயும் போய்விடவில்லை. டீ கொடுத்தவர்கள்மேல் இருந்தது, அப்பாவை நம்பவைத்தவன்மேல் இருந்தது. இவர்மேல் மட்டும் வரமாட்டேன் என்றது.

சரி மேடம் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

இவரும் ‘சரி, விடு’ என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் அந்தப் பயம். மற்றபடி, காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தத் தப்பை விளக்கமாக எழுதி அனுப்பிவிட்டுத்தான், என்ன சொல்கிறார் என்று பார்க்க அவர் அறைக்கே போயிருந்தேன்.