வழிப்போக்கர் வாங்கிய பாட்டு

கணினியில் மணி அடித்தது. அடுத்த நொடியே அப்பாவின் அறையில் நாற்காலி தடாலென்று விழுந்தது.

அடுப்படியிலிருந்து ஓடினாள் மகள். அப்பா ஒரு கையால் முழங்காலைத் தேய்த்தபடி, மறு கையால் மேசையைத் துழாவிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்தான். ஆனால் இத்தனை வருடத்தில் இந்த அறையில் அவர் எதிலும் இடித்துக்கொண்டதில்லை.

"இப்படியாப்பா விழுந்தடிச்சு ஓடுவீங்க?"

"கொஞ்சம் கண்ணசந்துட்டேம்மா. 'ஒருவர் கேட்கிறார்'னு வாயாடி சொன்னதைக் கோட்டை விட்டுட்டேனோன்னு பயந்துட்டேன். யாராவது என் பாட்டைக் கேட்க ஆரம்பிச்சா அது அப்படிச் சொல்லும், அப்புறம் பாட்டு வித்தா மணி அடிக்கும்."

வாயாடி என்பது, திரையில் உள்ளதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு அம்மா வைத்த பெயர். 'என்கிட்ட பேசுறதைவிட அவகிட்டதான் அதிகம் பேசுறீங்க' என்று தினமும் ஒரு தடவையாவது குத்திக் காட்டாவிட்டால் அம்மாவுக்குப் பொழுது போகாது.

அப்பா விசைகளைத் தட்டினார். வாயாடி கடகடவென்று எதையோ ஒப்பித்தது. அந்த வேகம் அவர் ஒருவருக்குத்தான் புரியும்.

"மெயில் வந்தாலும் இதே மணிதான். எவனோ மெத்தை விக்கிறான்," என்றார். முகம் வாடிவிட்டது.

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் ஊராரின் குரல்களை ஒன்றோடொன்று இணைத்தவர். ஓய்வு பெற்றதும் கீபோர்டில் மெட்டுக் கட்டினார். யார் கையையும் எதிர்பார்க்காமல், வாயாடியின் துணையோடு தானே இணையக் கடையில் ஏற்றி விற்பனைக்கு வைத்தார். முப்பத்தெட்டுப் பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதிதான் விற்றது. வாங்கியவர் பெயர் எப்போதும் 'வழிப்போக்கர்'.

முப்பத்தொன்பதாவது, அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது கட்டியது. அதைக் கடையில் ஏற்றிய மறுநாள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். இன்றோடு இருபத்து மூன்று நாள். அந்தப் பாட்டை யாரும் சீண்டவில்லை.

"வழிப்போக்கர் இனிமே வாங்க மாட்டாங்கம்மா," என்றார் அப்பா. "கீபோர்டை எடுத்துட்டுப் போக நாளைக்குக் காலையில ஆளை வரச் சொல்லிட்டேன்."

"அதையும் கொடுத்துட்டு நாள் பூரா என்னப்பா பண்ணப் போறீங்க?"

"ஏன், வாயாடி இருக்காளே. மெத்தை விளம்பரமாப் படிச்சுக் காட்டுவா."

அவர் சிரித்தார். மகளால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்கு வந்து, மாவு டப்பாவின் பின்னால் வைத்திருந்த அம்மாவின் கைப்பேசியை எடுத்தாள்.

காலையில்தான் அதற்கு மின்சாரம் ஏற்றித் திறந்திருந்தாள். உள்ளே முப்பத்தெட்டு ரசீதுகள் இருந்தன. அத்தனையும் வழிப்போக்கர் பெயரில்.

பாட்டுக்கும் அம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்பா வாசிக்க உட்கார்ந்தால், 'இதுக்குக் குக்கர் சத்தமே தேவலை' என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். போய் என்ன செய்தாள் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார். உலகத்தில் எங்கோ ஒரு ரசிகர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தானே இத்தனை நாள் வாசித்தார். அந்த ரசிகர் சாகக் கூடாது.

கடையைத் திறந்தாள். முப்பத்தொன்பதாவது பாட்டின் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'கேட்க', 'வாங்க'. அப்பா அறையை விட்டு வெளியே வருவதற்குள் முடிக்க வேண்டும். இரண்டாவதை அழுத்தினாள்.

உள்ளே மணி அடித்தது. வாயாடி மளமளவென்று ஏதோ சொல்லி ஓய்ந்தது.

இந்த முறை நாற்காலி விழவில்லை. சத்தமே இல்லை.

கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரக் கையைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தபடி உள்ளே போனாள். பார்க்க முடியாதவர் முன்னால் எதற்கு நடிக்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது.

"என்னப்பா, மறுபடியும் மெத்தையா?"

"இல்லம்மா. பாட்டு வித்துடுச்சு. வழிப்போக்கர்."

"பாத்தீங்களா? ஊருக்குப் போயிருப்பாங்க, உடம்பு சரியில்லாம இருந்திருப்பாங்க. அதுக்குள்ள மூட்டையைக் கட்டிட்டீங்களே."

அப்பா கீபோர்டின் மேல் போர்த்தியிருந்த துணியை மெல்ல மடித்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, மூன்று தடவை மடித்தார்.

"நாளைக்கு அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடட்டுமாப்பா?"

"சொல்லிடு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் பக்கம் திரும்பினாள்.

"இரும்மா." அப்பா சுவர் ஆணியில் தொங்கிய ஹெட்போனை எடுத்து அவள் இருந்த திசையில் நீட்டினார். "இதை மாட்டிக்கிட்டு இப்படி உட்காரு."

"எதுக்குப்பா?"

"உங்கம்மா எப்பவும் முழுசாக் கேட்டுட்டுத்தாம்மா வாங்குவா."