வலது கட்டைவிரல்

“டிவிய பாரு வேம்பு, என் மூஞ்சிய பாக்காத. குண்டு போவுதா?”

“போவுதுய்யா. நெஜமாவே நீதான் சுடுறியா?”

வேம்புலியம்மாள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் புருஷனைக் கேட்டாள். திரையில் ஒரு குட்டி ராக்கெட் நட்சத்திரங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் பறந்து எதிரிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட நாளில் பால்ராஜ் சோறு தண்ணி இல்லாமல் ஆடிய வீடியோ கேம். காலையில்தான் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருந்தான்.

“இடது கைல ஓட்டணும், வலது கட்டவெரல்ல சுடணும். அப்பறம் இன்னா சந்தேகம் ஒனக்கு?” என்றான்.

அந்த வலது கைதான் தை மாதம் வந்த பக்கவாதத்தில் மரக்கட்டையாகிப் போனது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டுவது அவள்தான். இடது கையால் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “நான் உசுரோட கீறச்சொல்ல பீச்சாங்கையால துன்னுவியா?” என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

அவள் வயிற்றிலோ கட்டி. இனியும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று பூந்தமல்லி டாக்டர் திட்டாத குறை. “அவரு கை வரட்டும் சார், அப்பால வந்து படுத்துக்கறேன்” என்று அங்கேயும் அதே பாட்டுதான்.

“ஐயோ, ரெண்டு பேரு ஒண்ணா வர்றானுங்கய்யா” என்று முந்தானையைக் கடித்தாள்.

ராக்கெட் சட்டென்று ஒதுங்கி இரண்டையும் வீழ்த்தியது. பால்ராஜ் கேம் ரிமோட்டை மடியில் அணைத்தபடி குனிந்திருந்தான். வியர்வை ஊற்றியது. இவள் நம்ப வேண்டுமே.

“பாத்துட்டல்ல? நாளைலேந்து நானே பெசஞ்சி துன்னுக்குவேன். நீ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.”

வேம்பு அழுதேவிட்டாள். “மாங்காட்டு அம்மா கண்ணத் தொறந்துட்டா” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டாள். “திவ்யா, மாமாவுக்குக் கை வந்துடுச்சிடி. நாளைக்கே ஆபரேஷனுக்குச் சேந்துக்கறேன், நீ தொணைக்கு வா.”

பிறகு துணிமணி எடுத்துவைக்க உள்ளே ஓடினாள்.

பால்ராஜ் அப்போதுதான் மூச்சு விட்டான். ரிமோட்டின் மேல் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்தான். ஸ்டார்ட் பொத்தானை யாராவது அழுத்தும்வரை தானாகவே ஆடிக் காட்டும் அந்தப் பழைய கேமில், ராக்கெட் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.